மரம் வச்சவன் போயிட்டா, தண்ணி ஊத்துறது யாரு?

"மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்" என்று நம்ம வீடுகளில் அடிக்கடி சொல்வார்கள். வேலை போனவருக்கு ஆறுதலாகச் சொல்வார்கள். பரீட்சைக்குப் பயப்படுகிற பிள்ளைக்கும் சொல்வார்கள். படைத்தவன் பார்த்துக்கொள்வான், நீ கலங்காதே என்று அர்த்தம். நல்ல சொல்தான். ஆனால் அந்தச் சொல்லை மரத்திடமே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். புயலில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. அதை வைத்தவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடல் தாண்டி வந்துவிட்டார்கள். இப்போது அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியது யார்?

இந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே உங்களோடு பேச நினைக்கிறேன். பார்வைக்கு இது ஊர்ப்பக்கத்துத் தோப்பைப் பற்றிய கேள்வி. ஆனால் வீவக வீட்டில் பிறந்து, எம்ஆர்டியில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்த நம்மிடமும் அதே கேள்வி வந்து நிற்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விழுந்த மரத்தோடு நமக்குப் பழக்கம் குறைவு. இங்கே மரம் விழாமல் இல்லை. 2024 செப்டம்பர் 17ஆம் தேதி சாயங்காலம் அடித்த சுமத்ரா சூறைக்காற்று பலருக்கு ஞாபகம் இருக்கும். தீவு முழுக்க 300க்கும் மேற்பட்ட இடங்களில் மரங்களும் கிளைகளும் விழுந்தன. எங்கள் புளோக் பக்கத்தில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தை மறுநாள் வந்து அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். நான் வேலை முடிந்து திரும்பும்போது தரையில் மரத்தூள் மட்டும் கிடந்தது. தேசியப் பூங்காக் கழகம் இருக்கிறது, அதற்கு ஆட்களும் இயந்திரங்களும் இருக்கின்றன. நாம் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு போன் அடிப்பதுதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை. நன்றாக நடக்கிற ஊரில் இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இதனால் நமக்கு ஒரு பயிற்சி கிடைக்காமல் போகிறது. விழுந்த ஒன்றைப் பார்த்து, "இது என் வேலையா?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்கிற பயிற்சி அது.

எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கேள்வி 2018இல் வந்தது.

கஜா

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. தீபாவளி முடிந்து பத்து நாள். அன்று அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று நான்கு மாவட்டங்களிலும் பெரிய அழிவு. நெல் என்றால் அடுத்த பருவத்தில் மறுபடி விதைக்கலாம். ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னைதான் வாழ்க்கை. வேதாரண்யம் பக்கம் மா, ஆலங்குடி பக்கம் பலா. இவையெல்லாம் ஒரு ராத்திரியில் படுத்துவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் லிட்டில் இந்தியாவில் இருந்தேன். வழக்கமான ஞாயிறு மாதிரியே கூட்டம். ஆனால் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல் தரையில் உட்கார்ந்திருந்த ஊழியர்கள் பலர் காதில் போனை வைத்தபடி பேசாமல் இருந்தார்கள். ஊரில் கரண்டு இல்லை, டவர் இல்லை, லைன் கிடைக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த அண்ணனுக்கு ஒருவழியாகக் கிடைத்தது. பேசி முடித்துவிட்டு நண்பரிடம் சொன்னார்: "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களாம். மரந்தான் ஒண்ணு கூட இல்லையாம்." சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

எங்களுக்கும் பேராவூரணிப் பக்கத்தில் மூன்று ஏக்கர் தோப்பு உண்டு. தாத்தா வைத்தது. 210 தென்னை, இரண்டு மாமரம், ஒரு பலா. எண்ணிப் பார்த்தபோது 160 தென்னை விழுந்தோ முறிந்தோ போயிருந்தது. அண்மையில் வைத்த இளம் மரங்கள் 14 சாய்ந்து நின்றன. மிச்சம் 36. மாமரத்தில் ஒன்று வேரோடு பெயர்ந்து கிடந்தது. அப்பாயி அங்கேதான் இருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டில் எல்லாரும் கூடினோம். அன்றைக்கு மூன்று பேச்சு வந்தது. அந்த மூன்றையும் வேறு பல குடும்பங்களிலும் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா சொன்னார்: "வித்துடலாம். தென்னை வச்சா காய்க்க ஆறு ஏழு வருஷம். நம்ம பிள்ளைங்க யாரு அங்க போய் உட்காரப் போறா?"

அத்தை சொன்னார்: "அப்பா கையால வச்ச தோப்பு. எங்கெங்க எந்த மரம் இருந்துச்சோ, அங்கங்க அதே மரத்தை வைக்கணும். அதுதான் நாம அவருக்குச் செய்யற மரியாதை."

சித்தப்பா சொன்னார்: "கொடுத்தவனே எடுத்துக்கிட்டான். நாம என்ன பண்ண முடியும்? விதி."

மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அந்த இராத்திரி முடிவு எதுவும் வரவில்லை.

விதி என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். புயல் வந்தது நம் கையில் இல்லை, சரி. ஆனால் புயலுக்கு மறுநாள் காலை நம் கையில் இருக்கிறது. நடந்ததை ஏற்றுக்கொள்ள விதி என்கிற எண்ணம் உதவும். செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட அதையே சாக்காக வைக்கக் கூடாது. "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்" என்ற சொல்லையும் நாம் சில நேரம் இப்படித்தான் பயன்படுத்துகிறோம். வாளி நம் பக்கத்தில் இருக்கும்போதே, ஊற்ற வேண்டியவன் வேறு யாரோ என்று சொல்லிவிடுகிறோம்.

மற்ற இரண்டு பேச்சும், விற்பதும் பழையபடி ஆக்குவதும், அவ்வளவு சுலபமாகத் தீராது. அதற்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

எதை நிறுத்துவது, எதை விடுவது

டிசம்பர் விடுமுறையில் அப்பாவும் நானும் போனோம். தோப்பைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிற ஒருவர் இருக்கிறார். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். அவர் எங்களை முதலில் நாற்றங்காலுக்குக் கூட்டிப்போகவில்லை. விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக நடத்திக் காட்டினார்.

தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது முறிந்தால் மரம் முடிந்தது. மா, பலா மாதிரி பக்கத்தில் துளிர்விடாது. தண்டில் காயம் பட்டால் அது மூடி ஆறுவதும் இல்லை. ஆகவே தலை போன தென்னையைத் தூக்கி நிறுத்துவதில் பயன் இல்லை. எவ்வளவு பாசம் இருந்தாலும் அதை அறுத்துத்தான் ஆக வேண்டும். அறுத்தால் மட்டும் போதாது, சீக்கிரம் அப்புறப்படுத்தவும் வேண்டும். மக்குகிற தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். காயம் பட்ட மரத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். செத்த மரத்தை அப்படியே விட்டால், நிற்கிற 36 மரத்துக்கும் அதுதான் எமன்.

சாய்ந்து நின்ற 14 இளம் மரங்களுக்குக் குருத்து நன்றாக இருந்தது. அவற்றைக் கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, அடியில் மண் அணைத்து, முட்டுக் கொடுத்தோம். நிற்கிற மரங்களில் ஒடிந்து தொங்கிய மட்டைகளை வெட்டி, குருத்து அழுகாமல் இருக்கப் போர்டோ கலவை ஊற்றினார்கள்.

மாமரத்தின் கதை வேறு. அது விழுந்திருந்தாலும் பாதி வேர் இன்னும் மண்ணில் இருந்தது. அந்த வேரின் மேல் மாமா நனைத்த சாக்கைப் போட்டு ஒரு மாசமாகக் காய விடாமல் காத்திருந்தார். பாதி வேரால் முழு மரத்துக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. அதனால் முதலில் கிளைகளை வெட்டிப் பாரத்தைக் குறைத்தோம். அப்புறம் வேர்ப்பக்கம் குழியை ஆழமாக்கி, செயின் பிளாக் போட்டு, ஒரு பகல் முழுக்க அங்குலம் அங்குலமாக நிமிர்த்தினோம். விழுந்த தென்னையையே அறுத்து அதற்கு முட்டுக் கொடுத்தோம். நிமிர்ந்த பிறகு அது மரம் மாதிரியே இல்லை, மொட்டைக் கம்பம் மாதிரி நின்றது. அத்தை போட்டோவைப் பார்த்துவிட்டு அழுதார். பிப்ரவரியில் தண்டில் சிவப்புத் துளிர் வந்தது.

இதில் எனக்குப் பிடிபட்ட முதல் விஷயம் இதுதான். காப்பாற்றுவது என்றால் எல்லாவற்றையும் காப்பாற்றுவது இல்லை. எதற்கு உயிர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உயிர் இல்லாததை, உயிர் உள்ளதன் பொருட்டு அகற்ற வேண்டும். அது துரோகம் ஆகாது. உயிர் உள்ளதைக்கூட முன்பு இருந்த உருவத்திலேயே வைத்திருக்க நினைக்கக் கூடாது. கிளையை வெட்ட மனசு வராதவர் கடைசியில் மரத்தையே இழப்பார்.

சென்னையில் அடையாறு ஆலமரத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பிரம்மஞான சபைத் தோட்டத்தில் இருக்கிற மிகப் பழைய மரம் அது. 1989இல் வீசிய புயற்காற்றில் அதன் நடு மரம் விழுந்தது. எது "அந்த மரம்" என்று எல்லாரும் நினைத்தார்களோ, அதுவே போய்விட்டது. ஆனால் சுற்றிலும் இறங்கியிருந்த விழுதுகள் ஊன்றி நின்றன. மரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைப் பார்த்து, "இது அந்த மரம் இல்லை" என்று சொல்வீர்களா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவசரப்பட்டு இதற்கு உயிர் இல்லை என்றும் முடிவு கட்டக் கூடாது. 1987 அக்டோபரில் இங்கிலாந்தின் தெற்குப் பகுதியை ஒரு பெரும்புயல் தாக்கியது. சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்ததாகச் சொல்கிறார்கள். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் 1798இல் நட்ட ஓக் மரம் ஒன்று இருந்தது. புயலுக்கு முன்பே அது நலிந்துகொண்டிருந்தது. காற்று அதை வேர்மண்ணோடு தூக்கி, அதே குழியில் திரும்பப் போட்டது. எப்படியும் வெட்டப்போகிற மரம்தானே என்று முட்டுக் கொடுத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் மரம் முன்பைவிடச் செழிப்பாக இருந்தது. காரணம் என்னவென்றால், அத்தனை வருஷம் பார்க்க வந்தவர்களின் காலடி பட்டுப் பட்டு மண் இறுகிப்போய், வேருக்குக் காற்றே போகாமல் இருந்திருக்கிறது. புயல் அந்த மண்ணைத் தளர்த்திவிட்டது. அதற்குப் பிறகு, இறுகிய மண்ணைத் தளர்த்துவதையே மற்ற பழைய மரங்களுக்கும் வைத்தியமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். மரத்தை வெட்டாமல் பொறுத்த அந்த மூன்று வருஷம் இல்லையென்றால் இது தெரிந்திருக்காது.

மரம் யாருடையது?

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுவும் இல்லை.

புயலுக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு விழுந்த தென்னைக்கு நிவாரணம் அறிவித்தது. ஒரு மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வைத்தால் 1,92,500 ரூபாய். எங்கள் 160 மரத்துக்கு 1,76,000 ரூபாய். நிலம் அப்பாயி பேரில் இருந்ததால் பணம் அவர் கணக்குக்கு வரும். சிங்கப்பூர்க் காசுக்கு மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி.

இதைப் பற்றி அப்பா மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, மாமா கோபமில்லாமல் ஒரு வார்த்தை சொன்னார்: "மரத்துக்குக் காசு வருது தம்பி. மரம் ஏறுறவனுக்கு?"

அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. யாரால் முடியும்? எங்கள் தோப்பில் மாதா மாதம் மரம் ஏறிய ஒருவர் இருக்கிறார். காய் உரிக்கிறவர் ஒருவர், கீற்று முடைகிற இரண்டு பெண்கள், மட்டையை வாங்கிக் கயிற்று ஆலைக்கு ஏற்றுகிறவர் ஒருவர். இவர்கள் யாரிடமும் பட்டா இல்லை. தோப்பு விழுந்ததால் எங்கள் குடும்பத்துக்குக் குறைந்தது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற உபரிப் பணம். உட்லண்ட்ஸில் யாரும் ஒரு வேளை பட்டினி கிடக்கவில்லை. அந்த ஐந்து குடும்பங்களுக்குக் குறைந்தது அடுத்த ஐந்தாறு வருஷத்துச் சோறு. அக்கம்பக்கத்துத் தோப்புக்குப் போய் வேலை கேட்கலாம் என்றால், அக்கம்பக்கத்திலும் தோப்பு இல்லை.

அங்கேதான் எனக்கு விஷயம் தெளிவானது. எங்கள் வீட்டில் நடந்த விவாதம் முழுக்க இரண்டு பேரைப் பற்றித்தான். மரத்தை வைத்த தாத்தா ஒருவர், மரத்தை உடைமையாக வைத்திருக்கிற நாங்கள் இன்னொருவர். அத்தை தாத்தாவின் பக்கம் நின்றார், பெரியப்பா எங்கள் பக்கம் நின்றார். மரத்தின் கீழே வாழ்ந்தவர்கள் அந்தப் பேச்சிலேயே இல்லை.

நம் மரபில் பஞ்ச மகா யக்ஞம் என்று ஐந்து கடமைகளைச் சொல்வதைச் சமய வகுப்பில் கேட்டிருப்பீர்கள். தேவர்களுக்கு, ரிஷிகளுக்கு, முன்னோருக்கு, சக மனிதருக்கு, மற்ற உயிர்களுக்கு. முன்னோர் கடனை நாம் மறப்பதில்லை. திதி கொடுக்கிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம். ஆனால் பட்டியல் அதோடு நிற்கவில்லை. மனிதருக்கும் உயிர்களுக்கும் செய்ய வேண்டியது அதே வரிசையில்தான் இருக்கிறது. முன்னோர் வைத்த மரத்தைப் போற்றிவிட்டு, அந்த மரத்தை நம்பி இருந்தவரை மறந்தால், ஐந்தில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்ட கணக்குதான்.

ஆகவே என் பதில் இது. மரம் வைத்தவர் போன பிறகு, அதன் பலனைத் தின்றவர்தான் வைத்தவரின் இடத்துக்கு வருகிறார். என் அப்பாவின் படிப்பும், பெரியப்பா சிங்கப்பூர் வந்த டிக்கெட்டும் அந்தத் தேங்காய்க் காசில் வந்தவை. தின்றவர்கள் நாங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டியவர்களும் நாங்கள்தான். எங்கே ஊற்றுவது என்பதுதான் அடுத்த கேள்வி. தாத்தாவின் ஞாபகத்தில் ஊற்றினால் அது நமக்கு நாமே செய்துகொள்கிற ஆறுதல். அந்த மரத்தின் கீழே இருந்தவர்களின் வாழ்க்கையில் ஊற்ற வேண்டும்.

வீட்டில் இதை நான் சொன்னேன். அப்பா இன்னும் நன்றாகச் சொன்னார். நிவாரணப் பணத்தை எங்கள் யாருடைய கணக்குக்கும் மாற்றக் கூடாது என்று அப்பாயியே முடிவு பண்ணினார். மரம் அகற்றுகிற கூலி வெளியூர் ஜேசிபிக்குப் போகாமல் இந்த ஐந்து குடும்பத்துக்கே போனது. புதுக் கன்றுகளுக்கு நடுவே வாழையும் உளுந்தும் போட்டார்கள். தென்னை காய்க்கும்வரை அந்த ஊடுபயிரின் வருமானம் முழுக்க அவர்களுக்கு. அத்தை கேட்ட மாதிரி அதே மரத்தை அதே இடத்தில் வைக்கவில்லை. நெட்டையும், சீக்கிரம் காய்க்கிற கலப்பினமும் கலந்து வைத்தோம். நடுநடுவே மா, பலா. புயலில் எங்கள் ஊரில் பனை அசையாமல் நின்றதைப் பார்த்ததால் வேலி ஓரம் பனங்கொட்டை போட்டோம். ஒரே காற்றில் எல்லாரும் ஒன்றாக விழக் கூடாது, அதுதான் கணக்கு.

சில எதிர்க்கேள்விகள்

நம்ம வயதுக்காரர்களிடம் இதைச் சொன்னால் மூன்று கேள்வி வரும்.

முதல் கேள்வி: "சிங்கப்பூர்ல பிறந்த எனக்கும் அந்த மண்ணுக்கும் என்ன?" எல்லாருக்கும் ஊரில் தோப்பு இருக்காது. மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள் பலர். அவர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. நாம் நடந்து போகிற நிழல் தானாக வரவில்லை. 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸில் திரு லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரம் நட்டார். 1971 நவம்பரில் முதல் மரம் நடும் நாள் கொண்டாடினார்கள். அந்தப் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் நடுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் நாள் தண்ணீர் ஊற்றியவர், கிளை வெட்டியவர், சாய்ந்ததை நிமிர்த்தியவர் படம் எங்கேயும் இல்லை. இன்றைக்கும் சாலையோரத்தில் வெயிலில் நின்று அந்த வேலையைச் செய்கிறவர்களில் நம் ஊர்ப்பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். அந்த நிழலில் நாம் நடந்துபோகிறோம். நாமும் பலனைத் தின்றவர்கள்தான்.

இரண்டாவது: "பணம் அனுப்பினா போதாதா?" பணம் வேண்டும், அது இல்லாமல் செயின் பிளாக் வராது. ஆனால் அந்த மாமரத்தைக் காப்பாற்றியது நாங்கள் போவதற்கு முன்னால் மாமா போட்டு வைத்த ஈரச் சாக்கு. பக்கத்தில் இருக்கிறவர் கை இல்லாமல் தூரத்தில் இருக்கிறவர் காசு வேலை செய்யாது. அதனால் அனுப்புகிறவர் கேட்க வேண்டியது "எவ்வளவு அனுப்பணும்?" என்று மட்டும் இல்லை. "அங்கே யார் தண்ணீர் ஊத்துறாங்க, அவங்க எப்படி இருக்காங்க?" என்றும் கேட்க வேண்டும். சம்பளத்தை மட்டுமில்லை, அவர் சொல்கிற யோசனையையும் மதிக்க வேண்டும். எங்கள் தோப்பில் எந்த மரம் பிழைக்கும் என்று தெரிந்தவர் பட்டா வைத்திருந்தவர் இல்லை.

மூன்றாவது, கடினமான கேள்வி: "அப்படின்னா தாத்தா வச்ச தோப்புக்கு நாங்க காலம் முழுக்க அடிமையா?" இல்லை. பெரியப்பா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எல்லாக் குடும்பத்தாலும் எல்லா நிலத்தையும் வைத்திருக்க முடியாது. விற்பது பாவம் இல்லை. கடன் மரத்துக்கு மட்டும் இருந்தால் விற்கவே முடியாது. அந்த மரத்தை நம்பி இருந்த மனிதருக்கும் கடன் என்றால், விற்கலாம். ஆனால் அவர்களுக்கு ஒரு வழி பண்ணிவிட்டு விற்க வேண்டும். வாங்குகிறவர் அவர்களை வைத்துக்கொள்வாரா, இல்லையென்றால் அவர்களுக்கு என்ன கொடுக்கிறோம் என்று பேசி முடித்துவிட்டு விற்க வேண்டும். விழுந்த மரத்தையும் அதன் கீழே இருந்தவரையும் அப்படியே போட்டுவிட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதைத்தான் நான் தப்பு என்கிறேன். நாளைக்கு என் பிள்ளைகள் அந்தத் தோப்பை வைத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு நான் விட்டுப்போக நினைப்பது நிலத்தைவிட இந்தக் கணக்கைத்தான்.

நட்டு ஆறு வருஷம் ஆயிற்று. கலப்பின மரங்கள் காய்க்கின்றன, நெட்டை இப்போதுதான் பாளை விடுகிறது. வைத்ததில் முப்பதுக்கு மேல் பட்டுப்போய் மறுபடி வைத்தோம். மரம் ஏறுகிறவர் இரண்டு வருஷம் திருப்பூருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். கீற்று முடைந்த பெண்களில் ஒருவர் திரும்பவே இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரியில் போனது ஆறு வருஷத்தில் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது.

நீங்கள் மரம் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். ஆனால் உங்கள் குடும்பத்திலோ, நம் அமைப்பிலோ, வேலை இடத்திலோ ஏதாவது ஒன்று விழுகிற நாள் வரும். அன்றைக்கு மூன்று விஷயம் கேளுங்கள். இதில் உயிர் எங்கே இருக்கிறது? இதன் கீழே யார் இருந்தார்கள்? இதன் பலனை இதுவரை தின்றது யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் "நான்" என்று வந்தால், வாளியை எடுங்கள்.